ஆஸ்திரேலியப் பண்ணைக் காற்றாலைகளை யார் செய்தார்கள்? சதர்ன் கிராஸ், காமெட் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

புழுதிச்சாலை எழுதியது:

வணக்கம். பள்ளி விடுமுறையில் பிரிஸ்பேனிலிருந்து மேற்கே டுவூம்பா, டால்பி, ரோமா வழியாகச் சார்லவில் வரைக்கும் குடும்பத்தோடு காரில் போய் வந்தோம். வழி நெடுகப் பண்ணைகளில் தண்ணீர் இறைக்கும் அந்தப் பழைய காற்றாலைகள் நின்றுகொண்டே இருக்கின்றன. மின்சாரம் எடுக்கும் புது மாதிரி இல்லை, இரும்புக் கோபுரத்து உச்சியில் நிறைய தகர இறக்கைகளும் ஒரு வாலும் உள்ளவை. வாலில் சதர்ன் கிராஸ் என்று எழுதியவைதான் அதிகம், அதற்கடுத்து காமெட். சிலவற்றில் வாலே இல்லை, இறக்கையும் பாதிதான் மிச்சம், ஆனால் கோபுரம் மட்டும் நேராக நிற்கிறது.

இவை ஆஸ்திரேலியாவிலேயே செய்தவையா, இல்லை அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தவையா? சில ஆலைகளின் சக்கரம் ஏன் அவ்வளவு பெரியது? என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் எல்லாமே அமெரிக்க நகல்தான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அது போதவில்லை. கம்பெனிகளின் கதை தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள், படிக்க நேரம் இருக்கிறது.

மலைமேட்டுவாசி எழுதியது:

நீங்கள் கடந்து போன டுவூம்பாதான் சதர்ன் கிராஸின் பிறந்த வீடு. நான் இந்த ஊரில்தான் இருக்கிறேன், அதனால் இதைப் பற்றிக் கேட்டால் கொஞ்சம் நீளமாகவே போகும்.

ஜார்ஜ் வாஷிங்டன் கிரிஃபித்ஸ் என்பவர் 1871-ல் இங்கே ஒரு இரும்புச் சாமான் கடை ஆரம்பித்தார். வெளியிலிருந்து இயந்திரங்களை வரவழைத்து மேட்டுநிலப் பண்ணைகளுக்கு விற்கிற வியாபாரம். பிறகு அவருடைய தம்பி ஜான் ஆல்ஃபிரட் கிரிஃபித்ஸும் சேர்ந்துகொள்ள, 1876-ல் இவர்களே காற்றாலை கட்ட ஆரம்பித்தார்கள். கடைதான் மெல்ல மெல்ல டுவூம்பா பவுண்டரி என்ற இரும்பு வார்ப்புத் தொழிற்சாலை ஆனது. அந்தப் பவுண்டரி காற்றாலையோடு நிற்கவில்லை. குவீன்ஸ்லாந்து ரயில்வேக்கு நீராவி எஞ்சின்களையே செய்து கொடுத்திருக்கிறது, பின்னால் பம்பு, டீசல் எஞ்சின் எல்லாம் வந்தன. சதர்ன் கிராஸ் என்ற பெயர் காற்றாலைகளுக்கு வந்தது 1903-ல். தனித்தனிக் காலனிகளாக இருந்தவை 1901-ல் ஒரே நாடாகச் சேர்ந்து இரண்டே வருஷம் ஆன நேரம் அது, தென்வானத்து நட்சத்திரக் கூட்டத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்ததில் அந்த உற்சாகமும் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இங்கே செய்த ஆலைகள் தென்னாப்பிரிக்காவரை போயிருக்கின்றன, அங்கே புளூம்ஃபான்டைனில் சதர்ன் கிராஸ் பெயரில் தொழிற்சாலையே இருந்தது. காரூ பாலைநிலமும் மேற்குக் குவீன்ஸ்லாந்தும் தண்ணீர் விஷயத்தில் ஒரே மாதிரிதானே. டுவூம்பா பவுண்டரி இருந்த இடம் இப்போது பாரம்பரியச் சின்னப் பட்டியலில் இருக்கிறது. அடுத்த முறை இந்தப் பக்கம் வந்தால் ரூத்வென் தெருவில் நிறுத்திப் பாருங்கள், பல பேர் அது என்ன கட்டடம் என்றே தெரியாமல் கடந்து போகிறார்கள்.

ஒருவரிப்பதில் எழுதியது:

உங்களோடு வேலை பார்ப்பவர் சொன்னது சரிதான். காற்றின் திசைக்குத் தானே திரும்பி, புயலில் தானே ஒதுங்கிக்கொள்ளும் பண்ணைக் காற்றாலையை 1854-ல் செய்தது டேனியல் ஹாலடே என்ற அமெரிக்கர். வளைந்த எஃகு இறக்கை 1888-ல் சிகாகோவின் ஏர்மோட்டார் கம்பெனியோடு வந்தது, அதற்கு முன் தாமஸ் பெர்ரி 5000-க்கும் மேல் சோதனை செய்திருந்தார். அடிப்படை எல்லாம் அங்கேதான் பிறந்தது. மற்றவர்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

வார்ப்படம் எழுதியது:

அவ்வளவுதான் என்று சொல்லிவிட முடியாது ஐயா. நான் பவுண்டரியில் வேலை பார்த்தவன், ஆஸ்திரேலியா வந்தபிறகு ஒரு பம்பு ரிப்பேர்க் கடையில் இருந்திருக்கிறேன், இந்த ஆலைகளின் தலையைப் பிரித்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தொடக்கம் அமெரிக்காதான், மறுக்கவில்லை. ஆனால் இங்கே வந்தபின் ஆலை மாறியது, மாற்றியது போரின் ஆழம், அதாவது தண்ணீருக்காகப் போடும் ஆழ்துளைக் கிணற்றின் ஆழம்.

கணக்கு போட்டுப் பாருங்கள். 3 அங்குல விட்டமுள்ள பம்பு சிலிண்டரை 100 மீட்டர் ஆழத்தில் இறக்கினால், ஒவ்வொரு தடவையும் மேலே தூக்க வேண்டிய தண்ணீரே ஏறக்குறைய 456 கிலோ. அதோடு மேலே உள்ள ஆலையையும் கீழே உள்ள பம்பையும் இணைக்கும் 100 மீட்டர் இரும்பு ராடின் எடையும் சேரும். காற்று லேசாக வீசும்போதே சக்கரம் இந்தப் பாரத்தோடு நின்ற நிலையிலிருந்து சுழல ஆரம்பிக்க வேண்டும். இறக்கைகள் அத்தனை நெருக்கமாக இருப்பதும் அதற்குத்தான், வேகம் குறைவு, இழுக்கும் பலம் அதிகம். சக்கரத்தின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் அது பிடிக்கும் காற்றின் பரப்பு நான்கு மடங்கு ஆகும். நீங்கள் பார்த்த பெரிய சக்கரங்களின் காரணம் இதுதான்.

இன்னொரு விஷயம், இதுதான் முக்கியம். ஏர்மோட்டார் வகை ஆலையில் பல்சக்கரம் உண்டு, சக்கரம் மூன்று சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் ராடு ஒரு தடவை ஏறி இறங்கும். சின்ன ஆலைக்கு அது நல்லது, சின்னச் சக்கரம் வேகமாகச் சுற்றும், அந்த வேகத்தில் பம்பை ஆட்டினால் ராடு அறுந்துவிடும். ஆனால் பெரிய சக்கரம் தானாகவே நிதானமாகத்தான் சுற்றும், அதற்குப் பல்சக்கரமே வேண்டியதில்லை. ஒரு சுற்றுக்கு ஒரு இழுப்பு, கிரேங்க் நேரே ராடோடு இணைந்திருக்கும். பல் தேயாது, எண்ணெய்த் தொட்டி ஒழுகாது, உடையக்கூடிய பாகமும் குறைவு. சதர்ன் கிராஸில் 17, 21, 25 அடிச் சக்கரங்களோடு வந்த ஆர் பேட்டர்ன் இப்படிப்பட்டதுதான். ஐஇசட் என்ற வகை சின்னது, அதில் பல்சக்கரம் உண்டு, எண்ணெயில் மூழ்கி ஓடும். எந்தச் சக்கரத்துக்கு எது பொருந்தும் என்று யோசித்து ஒரே கம்பெனி இரண்டு வழியையும் வைத்திருந்தது. நகல் எடுப்பவன் இப்படி யோசிக்க மாட்டான்.

அப்புறம் ஆள் பிரச்சினை. ஒரு பண்ணையில் ஆலைக்கும் ஆலைக்கும் நடுவே மணிக்கணக்கில் போக வேண்டிய தூரம் இருக்கும். தண்ணீர் நின்றது தெரியாமல் போனால் ஆடுமாடு செத்துப்போகும். அதனால் இங்கே வாங்குபவன் கேட்ட முதல் கேள்வி எவ்வளவு தண்ணீர் வரும் என்பது இல்லை, எத்தனை நாள் ஆள் போகாமல் ஓடும் என்பது. வார்ப்பு கனமாக இருக்கும், போல்ட்டைக் கழற்ற இடம் விட்டிருக்கும், சிலிண்டருக்குள் தேய்கிற தோல் வாஷரைப் பண்ணைக்காரரே மாற்றிக்கொள்ளலாம். பிரித்து வேலை பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் கையிலேயே தெரியும்.

ஒருவரிப்பதில் எழுதியது:

பல்சக்கர விளக்கம் நன்றாக இருந்தது, அந்த வகையில் நகல் என்ற சொல் பொருந்தாது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் இவர்கள் ஆராய்ச்சி ஏதாவது செய்தார்களா? பெர்ரி மாதிரி அளந்து பார்த்தவர் இங்கே யாராவது உண்டா?

பழையகோப்பு எழுதியது:

உண்டு. மேலே மலைமேட்டுவாசி சொன்ன அந்தத் தம்பி, ஜான் ஆல்ஃபிரட் கிரிஃபித்ஸ்தான். தண்ணீர் இறைக்கும் காற்றாலைகளை எடுத்து, எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு வேலை செய்கின்றன என்று ஒவ்வொன்றாக அளந்து, லண்டனில் உள்ள சிவில் பொறியாளர் சங்கத்தின் 1894-95 தொகுதியில் கட்டுரையாக வெளியிட்டார். அதில் டுவூம்பாவில் செய்த 22 அடி ஆலையும் இருக்கிறது, அமெரிக்க ஸ்டோவர், பெர்கின்ஸ், ஆல்ட்ஹவுஸ் ஆலைகளும் இருக்கின்றன. 1911 பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் காற்றாலை பற்றிய கட்டுரை இவருடைய அளவுகளை அட்டவணையாகவே எடுத்துப் போட்டிருக்கிறது. குவீன்ஸ்லாந்து மேட்டு ஊர் ஒன்றிலிருந்து வந்த அளவுகளை உலகம் எடுத்துப் பயன்படுத்தியது என்பது எனக்கு ரொம்பப் பெரிய விஷயம், இதை யாரும் பேசுவதே இல்லை.

மற்றக் கம்பெனிகளையும் சொல்லிவிடுகிறேன். காமெட் ஆலைகளைச் செய்தது சிட்னி வில்லியம்ஸ் கம்பெனி. பெயரைப் பார்த்து சிட்னி நகரக் கம்பெனி என்று நினைப்பார்கள், ஆனால் சிட்னி என்பது நிறுவனரின் பெயர், கம்பெனி தொடங்கியது குவீன்ஸ்லாந்தின் ராக்ஹாம்டனில். அங்கிருந்து உள்நாட்டுப் பக்கம் போனால் காமெட் என்ற சின்ன ஊர் வரும், ஆலையின் பெயர் அந்த ஊருடையது. பிற்பாடுதான் சிட்னி நகரத்தின் டல்விச் ஹில்லுக்குத் தொழிற்சாலை போனது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் இதே கம்பெனி போல்ட் போட்டு இணைக்கும் எஃகுச் சட்டக் குடில்களைச் செய்து கொடுத்தது, டார்வின் பக்கம் சில இன்னும் பாதுகாக்கப்படுகின்றன. துண்டு துண்டாக லாரியில் ஏற்றிப்போய் எங்கோ வெட்டவெளியில் கோபுரம் எழுப்பிப் பழகியவர்களுக்குக் குடில் கட்டுவது கஷ்டமாக இருந்திருக்காது.

விக்டோரியாவில் ஜேம்ஸ் ஆல்ஸ்டன். 1850-ல் லண்டனில் பிறந்தவர், வார்னம்பூலில் காற்றாலை செய்ய ஆரம்பித்து அப்புறம் மெல்பர்னுக்கு வந்தார். அதே மெல்பர்னில் ஜான் டேங்ஸ் கம்பெனி பில்லபாங் என்ற பெயரில் விற்றது. அடிலெய்டில் மெட்டர்ஸ், 1891-ல் தொடங்கியது, அது அடுப்புக் கம்பெனி! பழைய ஆஸ்திரேலிய வீடுகளில் கூக்கபரா பறவை படம் போட்ட அடுப்பு இருக்குமே, அவர்கள்தான். மேற்கு ஆஸ்திரேலியாவில் டபிள்யூ. டி. மூர் கம்பெனியின் எல்லோ டெயில், மஞ்சள் வாலைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். இரும்புக் கடைக்காரர், அடுப்புக்காரர் என்று ஆளாளுக்கு ஒரு பக்கமிருந்து வந்தார்கள். வார்ப்பு வேலை கையில் இருந்தது, பக்கத்திலேயே தண்ணீர் தேடும் பண்ணைகள் இருந்தன. தூரம் அதிகம் என்பதால் ஒவ்வொரு காலனியிலும் ஒரு கம்பெனி பிழைக்க முடிந்தது.

புழுதிச்சாலை எழுதியது:

இத்தனை விவரம் எதிர்பார்க்கவே இல்லை, எல்லாருக்கும் நன்றி. வார்ப்படம் அண்ணா, அந்த 456 கிலோ கணக்கை என் மகனுக்குக் காட்டினேன், அவனும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தான், சரியாக வந்தது. இன்னும் ஒரு சந்தேகம். அந்தப் பகுதியில் பூமிக்கடியில் தண்ணீர் தானாகவே பீறிட்டு வரும் என்று ஓர் ஊரில் பலகை பார்த்தேன். அப்படியானால் காற்றாலை எதற்கு?

மலைமேட்டுவாசி எழுதியது:

பெரிய ஆர்ட்டீசியன் படுகை என்ற நிலத்தடி நீர்ப் பரப்பைச் சொல்கிறீர்கள். சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தக் கண்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். 1878-ல் நியூ சவுத் வேல்ஸின் பர்க் பக்கம் ஒரு போரில் தண்ணீர் தானாகப் பொங்கி வந்தபிறகு ஆயிரக்கணக்கில் போர் போட்டுத் திறந்தே விட்டார்கள். திறந்த வாய்க்கால்களில் ஓடிய தண்ணீரில் பெரும்பகுதி ஆவியாகவும் மண்ணிலும் போனது. நிலத்தடி அழுத்தம் குறைந்து பல போர்கள் பொங்குவதை நிறுத்திவிட்டன. தண்ணீர் போருக்குள் பாதி வழிவரை ஏறி நிற்கும், மேலே வராது. அங்கேதான் காற்றாலை வேண்டும். படுகைக்குள்ளேயே ஆரம்பத்திலிருந்து பொங்காத போர்களும் நிறைய, படுகைக்கு வெளியே கேட்கவே வேண்டாம்.

வெயில்பம்பு எழுதியது:

நான் சோலார் பம்பு மாட்டுகிற தொழிலில் இருக்கிறேன், பழைய ஆலைகளைக் கழற்றுவதும் எங்கள் வேலைதான். ஏன் கழற்றுகிறார்கள் என்றால், 40 அடி கோபுரத்தில் ஏறி எண்ணெய் மாற்ற இன்று ஆள் கிடைப்பதில்லை, ராடையும் குழாயையும் மேலே இழுக்கக் கிரேன் வேண்டும். சோலாருக்குப் பலகையைத் தரையிலேயே வைக்கலாம், தண்ணீர் நின்றால் போனுக்குச் செய்தி வரும். விவசாயி மாறுவதில் தப்பே இல்லை. ஆனால் நல்ல நிலையில் உள்ள ஆலையைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லும்போது நான் மறுத்துப் பேசுவேன். போல்ட்டைக் கழற்றி வைத்தால் வேறொரு பண்ணைக்கு உதிரி ஆகும், இல்லாவிட்டால் ஏதாவது ஊர் அருங்காட்சியகம் எடுத்துக்கொள்ளும்.

வால் இல்லாத ஆலையைச் செய்தது யார் என்று கண்டுபிடிக்க வழி உண்டு. தலைப்பகுதியின் வார்ப்பில் எழுத்தும் பாக எண்ணும் எழும்பி நிற்கும், பெயின்ட் போனாலும் அது போகாது. தரையிலிருந்தே நல்ல ஜூம் உள்ள கேமராவில் எடுத்துவிடலாம், தயவுசெய்து யாரும் கோபுரத்தில் ஏறாதீர்கள், பழைய மரத்தட்டு உளுத்திருக்கும். சக்கரம் அசையாமல் நின்றாலும் காற்று அடித்தால் தலை திரும்பும்.

நிறைய ஆலைகளை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் தெற்கு ஆஸ்திரேலியாவின் பெனோங் ஊருக்குப் போங்கள், சடூனாவிலிருந்து மேற்கே ஐர் நெடுஞ்சாலையில் சுமார் 70 கிலோமீட்டர். அங்கே திறந்தவெளி அருங்காட்சியகத்தில் புரூஸ் என்று பெயர் வைத்த ஒரு காமெட் நிற்கிறது, சக்கரம் 35 அடி. அவ்வளவு தூரம் முடியாதென்றால் நியூ சவுத் வேல்ஸின் கில்கேண்ட்ரா. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு காற்றாலை வைத்திருந்த ஊர் அது.

உங்கள் படங்களில் வார்ப்பு எழுத்து தெரிந்தால் இங்கே போடுங்கள், வார்ப்படமும் நானும் சேர்ந்து பார்த்துச் சொல்கிறோம்.