ரயில் போன தடத்தில் மிதிவண்டிப் பயணம்: சென்னையில் இயலுமா?

வேளச்சேரிவாசி:

வணக்கம். எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த இருபது குடும்பத்தார் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்றாக மிதிவண்டியில் கிளம்புகிறோம். பத்து வயதுப் பிள்ளைகளும் எழுபதைக் கடந்த பெரியவர்களும் வருவதால், ஐந்து கிலோமீட்டர் போவதற்குள் குழு மூன்று துண்டாகிவிடுகிறது. கடைசித் துண்டில் வந்தவர்கள் அடுத்த மாதம் வருவதில்லை என்பதுதான் என் கவலை.

சென்ற செப்டம்பரில் அமெரிக்காவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, அவ்வூரார் நடத்திய ஒரு பயணத்தில் நானும் சேர்ந்துகொண்டேன். பென்சில்வேனியாவின் மேயர்ஸ்டேல் என்னும் சிற்றூரில் கிளம்பி மேரிலாந்தின் கம்பர்லாந்து வரை ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் ஓட்டினோம். பிட்ஸ்பர்க்கையும் கம்பர்லாந்தையும் இணைக்கும் கிரேட் அலெகேனி பாசேஜ் என்ற அந்தப் பாதை மொத்தம் சுமார் 240 கிலோமீட்டர் நீளமுள்ளது. பெரும்பகுதி ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம். தண்டவாளங்களை எடுத்துவிட்டு, சுண்ணாம்புக்கல் பொடியைப் பரப்பி இறுக்கியிருக்கிறார்கள். முதல் பதின்மூன்று கிலோமீட்டர் ஏற்றம். ஒரு பக்கம் விழும் மழை மெக்சிகோ வளைகுடாவுக்கும் மறுபக்கம் விழுவது அட்லாண்டிக் கடலுக்கும் போகும் நீர்ப்பிரிமேட்டை, அதாவது 729 மீட்டர் உயரத்தை, அறுபத்து நான்கு வயதில் நான் பேசிக்கொண்டே எட்டினேன். அதன் பிறகு ஒரு கிலோமீட்டர் நீளச் சுரங்கம், பின்பு கம்பர்லாந்து வரை இறக்கம். எங்களுடன் வந்த ஒன்பது வயதுச் சிறுமியும் அவளுடைய தாத்தாவும் இறுதிவரை ஒரே கூட்டத்தில் இருந்தார்கள். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

சென்னைக்கு அருகில் இப்படிக் கைவிடப்பட்ட ரயில் தடம் ஏதேனும் உண்டா? இல்லையென்றால், அந்தப் பயணத்திலிருந்து நாங்கள் எதை எடுத்துக்கொள்ளலாம்?

பெரம்பூர் ஓய்வாளர்:

ஐயா, இருப்புப்பாதைப் பராமரிப்பில் முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மீது ஓடும்போது பிடிமானம் குறைவு. ஏற்றம் சற்றுக் கூடினாலும் சக்கரம் வழுக்கும். ஆகவே பாதை போடுகிறவர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தில் கரை எழுப்பி, மலையைச் சுற்றி வளைத்து, அதுவும் போதாதபோது சுரங்கம் குடைந்து, நூறு அடி போனால் ஓரடி அல்லது இரண்டடிக்கு மேல் உயராதபடி பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் பேசிக்கொண்டே ஏறியதற்குக் காரணம், நீராவி என்ஜினின் இயலாமைக்காக யாரோ செய்துவைத்த உழைப்பு.

சென்னையில் அத்தகைய தடம் கிடையாது. கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் பாதையில் 1931 முதல் மின்ரயில் ஓடியது. பின்னாளில் அகலப்பாதை வந்தபோதும் அதே வழித்தடமே பயன்பட்டது. தமிழகத்தில் பெரும்பாலும் இதுதான் நடந்தது: பழைய தடத்தை விட்டுவிடவில்லை, அதன்மேலேயே அகலப்படுத்தினார்கள். 1837-இல் சாலை போடுவதற்கான கல்லைச் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு ஏற்றிவந்த ரயில்பாதையொன்று இருந்தது. சென்னையின் முதல் ரயில் நிலையமான இராயபுரம் திறக்கப்பட்ட 1856-க்கும் முந்தையது அது. ஆனால் அதன் தடம் நகரத்துக்குள் கரைந்து போய்விட்டது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: ரயில் ஓடாத இடம்போலத் தோன்றினாலும் ரயில்வே நிலத்தில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நுழையாதீர்கள். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவின்படி அது அத்துமீறல். அபராதமும் உண்டு, சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

மாயூரத்துக்காரன், இப்போது தாம்பரம்:

மயிலாடுதுறை–தரங்கம்பாடிப் பாதையை யாராவது குறிப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். 1926-இல் திறக்கப்பட்டு 1980களில் நிறுத்தப்பட்ட மீட்டர்கேஜ் கிளைப்பாதை அது. நெடுகிலும் வயல்களும் சிற்றூர்களும். மிதிவண்டி ஓட்ட இதைவிட அழகான தடம் எனக்குத் தெரியாது. இருந்தாலும் அதை மிதிவண்டிப் பாதையாக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் எங்கள் ஊர்ப்பக்கத்து மக்கள் அந்த ரயிலைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1983-இல் செய்த சட்டத் திருத்தம், தடத்தை மக்கள் நடக்கவும் ஓட்டவும் விட்டுவைத்து, தேவைப்பட்டால் பிற்காலத்தில் மீண்டும் ரயில் விட வழிசெய்கிறது. அந்த உறுதி எழுத்தில் இருந்தால் மட்டுமே நான் சம்மதிப்பேன்.

மயிலை மிதிவண்டி அம்மா:

ஐயா, தடம் தேடுவதைச் சற்று ஒதுக்கிவைத்து, அந்தப் பாதை உங்களுக்கு என்ன தந்தது என்று பாருங்கள். ஒன்று, செங்குத்தான ஏற்றமில்லாமை, இன்னொன்று, குறுக்கே மோட்டார் வண்டி அதிகம் வராமை. முதலாவது நம் ஊரில் இயல்பாகவே இருக்கிறது. மேம்பாலங்களைத் தவிர்த்துவிட்டால் சென்னை பெரும்பாலும் சமதளம். உங்கள் குழு பிரிவது பெரியவர்களின் கால்வலுவால் அல்ல, சிக்னல்களாலும் சந்திப்புகளாலும்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முன்னால் போனவர்கள் பச்சை விளக்கில் கடந்துவிடுகிறார்கள், பின்னால் வருகிறவர்கள் சிவப்பில் நிற்கிறார்கள், அத்துடன் கூட்டம் உடைந்துவிடுகிறது.

ஆகவே தூரத்தைக் குறைத்து, சந்திப்பைக் குறையுங்கள். நாங்கள் விடியற்காலை ஐந்தரைக்கு மெரினாவில் உழைப்பாளர் சிலை அருகே கூடி, கடற்கரையை ஒட்டிய உட்சாலையிலேயே கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்பி, மறுபடியும் போகிறோம். நீண்ட தொலைவு போகவேண்டும் என்கிற இளைஞர்கள் மூன்று நான்கு முறை சுற்றட்டும். மெதுவாக ஓட்டுகிறவர் ஒரே முறை போனாலும் மற்றவர்கள் அவரை எதிரில் வந்து சந்தித்துக்கொண்டே இருப்பார்கள், யாரும் தனியாக விடுபட்டதாக நினைக்கமாட்டார்கள். ஆறரை மணிக்கு மேல் வெயிலும் நடைப்பயிற்சிக் கூட்டமும் ஏறிவிடும், அதற்குள் முடித்துவிடுங்கள். குழுவில் மிக மெதுவானவரை முன்னால் விடுங்கள். கடைசியில் ஒருவர் கட்டாயம் வரவேண்டும், அவர் யாரையும் முந்தக்கூடாது. மணல் படிந்த இடத்தில் மெல்லிய டயர் சறுக்கும் என்பதால், பிள்ளைகளை வளைவில் பிரேக்கை அழுத்திப் பிடிக்காதிருக்கச் சொல்லிவையுங்கள்.

வேளச்சேரிவாசி:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. சிக்னல்தான் காரணம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. யோசித்துப் பார்த்தால், நாங்கள் முதன்முதலில் பிரிவது எப்போதும் விஜயநகர் சந்திப்பில்தான். தரங்கம்பாடிப் பாதையைப் பற்றி நண்பர் எழுதியதை என் குழுவினருக்கும் படித்துக் காட்டினேன், எங்கள் எல்லோருக்கும் அதே எண்ணம்தான். அடுத்த ஞாயிறு மெரினாவுக்கே வருகிறோம். அம்மா, கடைசியில் வருகிறவரின் பையில் என்னென்ன வைத்திருப்பீர்கள்?

மயிலை மிதிவண்டி அம்மா:

கைப்பம்பு, பஞ்சர் ஒட்டும் பெட்டி, பிள்ளைகளின் சக்கர அளவுக்கும் பெரியவர்களின் அளவுக்குமாக இரண்டு டியூப், கழன்ற செயினை மாட்டிய பின் கை துடைக்க ஒரு பழைய துணி, முதலுதவிக்குப் பஞ்சும் கட்டுத்துணியும், இரண்டு பாட்டில் தண்ணீர். இவ்வளவு போதும். நாங்களும் அன்றைக்கு அங்குதான் இருப்போம்.