ஸ்விஃப்ட் பிரேக் மாற்ற 16,579 ரூபாயாம். கொடுக்கலாமா?

துரைப்பாக்கம் டிரைவர்:
வண்டி 2016 ஸ்விஃப்ட் பெட்ரோல், 72,000 கிலோமீட்டர் ஓடியது. நான்கு நாளாக பிரேக் மிதித்தால் முன்பக்கம் கீச்சென்று சத்தம். பக்கத்திலுள்ள ஒர்க்ஷாப்பில் விட்டேன். கம்பெனி சர்வீஸ் இல்லை, எல்லா வண்டியும் பார்க்கிற தனியார் இடம். ஒரு மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் எஸ்டிமேட் வந்தது:

முன் பேடு செட் 2,450
முன் டிஸ்க் இரண்டு 5,600
பின் ஷூ செட் 1,650
பிரேக் ஆயில் 450
கேலிப்பர் சர்வீஸ் 850
லேபர் 2,800
இதர பொருட்கள் 250

கூட்டினால் 14,050. அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 2,529. ஆக 16,579. நான் பேடு மட்டும்தான், மூவாயிரத்துக்குள் முடிந்துவிடும் என்று நினைத்துப் போனேன். வண்டி அங்கேயே நிற்கிறது, நாளை காலை பதில் சொல்ல வேண்டும். இது நியாயமான விலையா?

புதுப்பேட்டை புலி:
பகல் கொள்ளை. சத்தம் வந்தது பேடிலிருந்து, அதாவது சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்தி நிறுத்துகிற கட்டையிலிருந்து. பேடு தேய்ந்து முடியும்போது சத்தம் போட்டுக் காட்டுவதற்கென்றே அதில் ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள், அது டிஸ்கில் உரசுகிறது. அதைக் கேட்டுப் போனவரிடம் நாலு சக்கரத்தையும் கழற்றி விற்கிறார்கள். என் வண்டி 1,10,000 தாண்டிவிட்டது, இன்னும் கம்பெனியில் போட்ட டிஸ்க்தான். பாடியில் பிரேக்ஸ் இந்தியா, அம்பத்தூரில் ரானே என்று ஊருக்கெல்லாம் பிரேக் செய்து அனுப்புகிற சென்னையில் உட்கார்ந்துகொண்டு பேடுக்கு இவ்வளவு கொடுப்பதா? உதிரிபாகக் கடைகள் இருக்கிற ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு ஒரு நடை போங்கள். பேடை நீங்களே வாங்கி, தெருமுனை மெக்கானிக்கிடம் கொடுத்து 600 ரூபாய் கூலி கொடுங்கள். முடிந்தது கதை.

பழைய ஸ்பேனர்:
22 வருஷமாக ஒர்க்ஷாப் வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த 600 ரூபாய்க்காரர் என்ன செய்வார் தெரியுமா? சக்கரத்தைக் கழற்றுவார், பழைய பேடை உருவுவார், ஸ்குரூ டிரைவரால் பிஸ்டனை நெம்பி உள்ளே தள்ளுவார், புதியதைச் சொருகுவார், அனுப்பிவிடுவார். இருபது நிமிடம். பேடைப் பிடித்து அழுத்துகிற கேலிப்பர் நகர்கிற இரண்டு பின்களையும் வெளியே எடுத்துப் பார்க்க மாட்டார். அதன் ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் போயிருந்தால் பின் துருப்பிடித்து இறுகிவிடும். அப்புறம் ஒரு பக்கப் பேடு மட்டும் தேயும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஆறு மாதத்தில் மறுபடி வருவீர்கள். அதற்குத்தான் அந்த 850.

450 ரூபாய் ஆயிலையும் கிண்டல் செய்வார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். டாட் 4 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு 155 தாங்கினாலே போதும் என்கிறது அதே தர அளவு. ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் பாருங்கள், பாதியிலேயே ஆயில் கொதித்து பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிடும். அப்போது யாரும் புலியைத் தேட மாட்டார்கள், மெக்கானிக்கின் சட்டையைத்தான் பிடிப்பார்கள். 72,000 ஓடிய வண்டிக்கு டிஸ்க் சேர்த்து மாற்றுவதில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

புதுப்பேட்டை புலி:
அண்ணே, ஆயிலும் கேலிப்பர் பின்னும் சரி. டிஸ்குக்கு மட்டும் "தப்பு தெரியவில்லை" என்று நைசாக நழுவுகிறீர்களே. பாதி பில் அதுதான். 72,000 என்பதற்காக ஒரு பொருளை மாற்றுவார்களா? கடைக்காரர் உங்களுக்குத் தருகிற கழிவு என்னவென்று எங்களுக்கும் தெரியும்.

பழைய ஸ்பேனர்:
கழிவு இருக்கிறது, மறைக்கவில்லை. அதில்தான் வாடகையும் இரண்டு பையன்களின் சம்பளமும் போகிறது. நீங்கள் வாங்கி வருகிற பேடு போலியாக இருந்து பிளந்துகொண்டால் நான் பொறுப்பில்லை. நான் வாங்கிப் போட்டால் நான் பொறுப்பு. ஹோட்டலுக்கு அரிசி எடுத்துக்கொண்டு போய் "வேகவைக்க மட்டும் எவ்வளவு" என்று கேட்பீர்களா?

ஆக்டிவா அக்கா:
சண்டையை நிறுத்திவிட்டு இரண்டு கேள்வி கேட்கலாமா? துரைப்பாக்கம் சார், ஒன்று, டிஸ்க்கை அளந்தார்களா? பெரும்பாலும் டிஸ்க்கின் ஓரத்திலோ நடுவிலோ எங்காவது குறைந்தபட்சத் தடிமன் இத்தனை மில்லிமீட்டர் என்று அச்சடித்திருக்கும். அதற்குக் கீழே போனால் மாற்றியே ஆக வேண்டும், மேலே இருந்தால் பேச இடம் உண்டு. இரண்டாவது, வேகத்தில் பிரேக் போட்டால் ஸ்டியரிங் உதறுகிறதா? கீச்சுச் சத்தத்துக்கும் உதறலுக்கும் வைத்தியம் வேறு வேறு.

கணக்குப்பிள்ளை:
எல்லோரும் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குக் கண்ணில் பட்டது அந்த 2,529.

பேடு 2,450 என்பது பெட்டியில் அச்சடித்த எம்ஆர்பியா, வரிக்கு முந்தைய விலையா? எம்ஆர்பி என்றால் அதற்குள்ளேயே எல்லா வரியும் அடக்கம், 2011-இன் பொட்டலப் பொருள் விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. அதன் மேல் இன்னொரு 18 சதவீதம் ஏற்றக் கூடாது. வரிக்கு முந்தைய விலை என்றால் ஏற்றலாம், ஆனால் வரியோடு சேர்த்தும் எம்ஆர்பியைத் தாண்டக் கூடாது. இந்த எஸ்டிமேட்டில் உதிரிபாகமும் ஆயிலும் சேர்ந்து 10,150. அதன் 18 சதவீதம் 1,827 ரூபாய். பெட்டி விலையைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்றால் அந்த 1,827 சும்மா போகிறது. கூலி வகையறா 3,900-க்கு மட்டும் வரி போட்டால் 702தான்.

இன்னொன்று. பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா பாருங்கள். பதிவு செய்யாத கடைக்கு வரி வசூலிக்கிற உரிமையே கிடையாது. பெட்டியில் பழைய ஸ்டிக்கரா என்பதையும் கவனியுங்கள். கார் உதிரிபாகங்கள் பெரும்பாலானவற்றுக்கு 28 சதவீதம் இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. ஒத்துவரவில்லை என்றால் 1915-க்கு அடியுங்கள், நுகர்வோர் உதவி எண்.

பழைய ஸ்பேனர்:
இதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். எம்ஆர்பி மேல் வரி போடுவது எங்கள் தொழிலுக்கே கெட்ட பெயர். பாதிப் பேர் தெரியாமல் செய்கிறார்கள், சாஃப்ட்வேர் அப்படிக் கூட்டிவிடுகிறது. மீதிப் பேர் தெரிந்தே செய்கிறார்கள்.

துரைப்பாக்கம் டிரைவர்:
எல்லோருக்கும் நன்றி. காலையில் நேரே போய் நின்றேன். பேடு பெட்டியைக் காட்டச் சொன்னேன். எம்ஆர்பி 2,450, எல்லா வரிகளும் உட்பட என்று தெளிவாக இருந்தது. கணக்குப்பிள்ளை சொன்னது அப்படியே. மேனேஜர் "சிஸ்டம் அப்படி எடுத்துக்கொண்டது சார்" என்றார்.

அப்புறம் டிஸ்க். "அளந்தீர்களா?" என்றேன். "பார்த்தாலே தெரியும்" என்றார்கள். நானே வெர்னியர் அளவுகோலைக் கேட்டு வாங்கித் தடிமனை அளந்தேன். அச்சடித்த குறைந்தபட்சத்தைவிட 1.6 மில்லி கூடுதல்! அப்படியென்றால் டிஸ்க் வேண்டாம்தானே?

புதுப்பேட்டை புலி:
சொன்னேனே! 5,600 மிச்சம். எனக்கு ஒரு பிரியாணி.

பழைய ஸ்பேனர்:
பிரியாணிக்கு அவசரப்படாதீர்கள். தம்பி, வெர்னியரை எப்படி வைத்து அளந்தீர்கள்? டிஸ்க்கின் வெளி ஓரத்தில் பேடு படாத இடம் ஒன்று உண்டு. அது தேயாது, துரு வேறு ஏறி வரப்பு மாதிரி நிற்கும். வெர்னியரின் இரண்டு தாடையும் அந்த வரப்பின் மேல் உட்கார்ந்திருந்தால் நீங்கள் அளந்தது வரப்பைத்தான், டிஸ்க்கை இல்லை. மைக்ரோமீட்டர் இல்லையென்றால் ஒரு வழி சொல்கிறேன். ஒரே மாதிரி இரண்டு ஒரு ரூபாய்க் காசு எடுத்து, இரண்டையும் சேர்த்து முதலில் தடிமன் பாருங்கள். பிறகு டிஸ்க்குக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, பேடு உரசுகிற இடத்தில் வைத்துப் பிடித்து அளங்கள். காசின் தடிமனைக் கழித்துவிடுங்கள். அக்கா கேட்ட உதறலுக்கும் பதில் சொல்லவில்லையே?

துரைப்பாக்கம் டிரைவர்:
வரப்பின் மேல்தான் வைத்திருக்கிறேன். காசு வைத்து மறுபடி அளந்தேன், அங்கிருந்த பையனே பிடித்துக்கொண்டான். இடது டிஸ்க் குறைந்தபட்சத்தைவிட 0.4 கூடுதல். வலது 0.2.

உதறல் பற்றி... இருக்கிறது. ஈசிஆர் சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போய் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் கையில் நடுங்கும். டயர் பேலன்ஸ் என்று நினைத்து இத்தனை நாள் விட்டுவிட்டேன். மெக்கானிக்கிடமும் சொல்லவில்லை, இங்கேயும் எழுதவில்லை. தப்பு என்னுடையதுதான்.

ஆக்டிவா அக்கா:
அப்படியென்றால் கதையே வேறு. பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் பெரும்பாலும் டிஸ்க் ஒரே சீராகத் தேயவில்லை என்று அர்த்தம். புதுப் பேடு போட்டாலும் நடுக்கம் போகாது.

புதுப்பேட்டை புலி:
டிஸ்க்கை லேத்தில் கொடுத்துச் சீவிச் சமப்படுத்திவிடலாமே? டிஸ்க்குக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும்.

பழைய ஸ்பேனர்:
0.2 மில்லிதான் மிச்சம். ஒவ்வொரு முகத்திலும் 0.1-க்கு மேல் சீவினால் அளவுக்குக் கீழே போய்விடும். நடுக்கம் போக அதைவிடக் கூடுதலாகத்தான் எடுக்க வேண்டியிருக்கும். 1 மில்லி மிச்சமிருந்தால் நானே லேத்துக்கு அனுப்பியிருப்பேன், புலி.

புதுப்பேட்டை புலி:
சரி, வலதுக்கு ஒன்று மட்டும் மாற்றட்டும். 2,800 மிச்சம்.

பழைய ஸ்பேனர்:
ஒரே அச்சில் ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசா? அதைச் செய்கிற மெக்கானிக்கிடம் நான் என் சைக்கிளைக்கூட விட மாட்டேன்.

கணக்குப்பிள்ளை:
பின் சக்கர டிரம்முக்குள் உரசுகிற ஷூவை யாராவது பார்த்தீர்களா? முன்பக்கச் சண்டையில் 1,650 சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

துரைப்பாக்கம் டிரைவர்:
பார்த்தோம். டிரம்மைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். முதலில் "நேரமாகும் சார்" என்றார்கள், நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். உள்ளே கறுப்புத் தூள். ஊதாதே என்று நான் சொல்வதற்குள் பையன் ஈரத்துணியால் துடைத்துவிட்டான், நல்ல பழக்கம். ஷூவில் லைனிங் 3 மில்லிக்கு மேல் இருக்கிறது. மேனேஜரே "இது இன்னும் ஒரு வருஷம் ஓடும்" என்றார். அப்படியானால் எஸ்டிமேட்டில் ஏன் எழுதினீர்கள் என்று கேட்டதற்கு, "செட்டாக எழுதிவிடுவோம்" என்றார்!

முடிவான பில்: பேடு 2,450, டிஸ்க் 5,600, ஆயில் 450, மூன்றுக்கும் வரி உள்ளடக்கம். முன்பக்க லேபர் 1,600, கேலிப்பர் சர்வீஸ் 850, இந்த இரண்டுக்கும் வரி 441. மொத்தம் 11,391. இதர பொருட்கள் 250 என்னவென்று கேட்டேன், அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை, எடுத்துவிட்டார்கள்.

ஆக்டிவா அக்கா:
5,188 ரூபாய் குறைந்திருக்கிறது. பேரம் பேசாமலேயே. வெளியே எடுத்த பேடுகளைக் கேட்டு வாங்கினீர்களா?

துரைப்பாக்கம் டிரைவர்:
டிக்கியில் இருக்கின்றன. நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். இடதுபக்க ஜோடி இரண்டும் ஒரே அளவு. வலதுபக்கம் வெளிப்பேடு 5 மில்லி, உள்பேடு 2 மில்லிகூட இல்லை, அதில்தான் சத்தம் போடுகிற தகடும் பளபளவென்று உரசியிருக்கிறது. கீழ்ப் பின்னைச் சுத்தியலால் தட்டித்தான் வெளியே எடுத்தார்கள், ரப்பர் உறை கிழிந்து முழுக்கத் துரு. அதையும் உறையையும் மாற்றி கிரீஸ் வைத்தார்கள்.

பழைய ஸ்பேனர்:
850 ரூபாய்க்குள் அதையும் முடித்தார்களா? அப்படியானால் அந்தப் பையனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். முதல் முந்நூறு கிலோமீட்டருக்குத் திடீரென்று அழுத்திப் பிடிக்காதீர்கள், புதுப் பேடும் புது டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும்.

புதுப்பேட்டை புலி:
850-க்கு நான் ஆட்சேபம் சொல்லவில்லை, வாபஸ். ஆனால் 5,600-ஐ இன்னும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே டிஸ்க்கை நான் கடையில் வாங்கியிருந்தால் ஆயிரம் ரூபாயாவது குறைத்திருப்பேன்.

பழைய ஸ்பேனர்:
வாங்கி, யாரிடம் மாட்டுவீர்கள்?

புதுப்பேட்டை புலி:
உங்களிடம்தான் அண்ணே. அரிசி நான் கொண்டு வருகிறேன்.