சொந்தமா செஞ்ச டவர் ஸ்பீக்கர்: ஒரே ஒரு சுரத்துல மட்டும் இடிக்குது, வழி சொல்லுங்க

கோவைச்சத்தம்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நாலு மாசமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா உக்காந்து ஒரு ஜோடி டவர் ஸ்பீக்கர் செஞ்சு முடிச்சேன். பாக்க நல்லாத்தான் இருக்கு. கேக்கறப்பதான் வயித்தெரிச்சல்.

விவரம் இதுதான். 18 மில்லி பிளைவுட். வெளி அளவு உயரம் 1000, அகலம் 220, ஆழம் 300 மில்லி. அடி சத்தத்துக்கு ஆறரை இன்ச் வூஃபர், 8 ஓம். மேல் சத்தத்துக்கு ஒரு இன்ச் சில்க் டோம் ட்வீட்டர். ரெண்டும் ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினது. ட்வீட்டர் உக்காந்தா காது வர்ற உயரத்துல. வூஃபர் நடுப்புள்ளி தரையில இருந்து 740 மில்லி. போர்ட்டுக்கு (பெட்டிக்குள்ள இருக்கற காத்து வெளிய வர்ற வாய்) 75 மில்லி பிவிசி பைப், உள்விட்டம் 70, நீளம் 150. முன்பக்கம் அடியில, தரையில இருந்து ஒரு சாண் உயரம் கூட இருக்காது. கிராஸ்ஓவர் (வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் சத்தத்தப் பிரிச்சு அனுப்பற சர்க்யூட்) 2500 ஹெர்ட்ஸ்ல, 1 மில்லிஹென்றி காயில், 4 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். பெட்டிக்குள்ள சுவர் பூரா ஒரு இன்ச் ஃபோம் ஒட்டியிருக்கேன். பெட்டியோட நடு உயரத்துல ஜன்னல் மாதிரி வெட்டின ஒரு சட்டம் குறுக்க இருக்கு.

பிரச்சினை: ஆம்பளைக் குரல் சில இடத்துல கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி வருது. எல்லா இடத்துலயும் இல்ல. யேசுதாஸ் கீழ இறங்கறப்ப ஒரு இடத்துல பெட்டியே சேந்து பாடுது. செய்தி வாசிக்கறவர் குரல்ல "ம்ம்"னு ஒரு வால் ஒட்டிக்குது. பொம்பளைக் குரல்ல ஒன்னுமில்ல.

ரூம் 12க்கு 10 அடி. சுவருக்கும் ஸ்பீக்கருக்கும் அரை அடி இடைவெளி. கிராஸ்ஓவர மாத்தணுமா, பைப் நீளத்த குறைக்கணுமா, இல்ல வூஃபரே வேஸ்ட்டா? ப்ளைவுட்டுக்கும் டிரைவருக்கும் சேத்து 14 ஆயிரம் போட்டாச்சு. வீட்டுல இன்னும் தொகையச் சொல்லல.

டெசிபல் பையன்:

ப்ரோ, மொதல்ல போலாரிட்டி செக் பண்ணுங்க. 1.5 வோல்ட் பென்டார்ச் பேட்டரி எடுத்து வூஃபர் பிளஸ்ல பிளஸ், மைனஸ்ல மைனஸ் ஒரு நொடி தொடுங்க. கோன் ரெண்டு பெட்டியிலயும் வெளிய வரணும். ஒன்னு உள்ள போனா அதுதான் வில்லன். ட்வீட்டர்ல மட்டும் இந்த வேலை வேண்டாம். அப்புறம் உங்க கிராஸ்ஓவர் வேல்யூ ரெண்டாம் ஆர்டர் (ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு காயில், ஒரு கெப்பாசிட்டர்) மாதிரி தெரியுது, அதுக்கு ட்வீட்டர தலைகீழா கனெக்ட் பண்ணணும், பண்ணீங்களா?

வாழைப்பழம் பிளக்:

ஆம்ப் என்னன்னு சொல்லவே இல்லையே. நல்ல ஆம்ப் போடுங்க, எல்லாம் சரியாயிடும்.

மரத்தூள்:

ஆம்ப் ஒரே ஒரு சுரத்த மட்டும் தூக்காதுங்க. பெட்டி அதிருதான்னு பாருங்க. பாட்டு ஓடறப்ப பக்கப் பலகையில உள்ளங்கைய வெச்சு மேல இருந்து கீழ வரைக்கும் தடவுங்க. இன்னொன்னு, மூட்டுல காத்து கசியுதான்னு ஊதுபத்தி வெச்சுப் பாக்கலாம். 30 ஹெர்ட்ஸ் டோன் போட்டுட்டு புகைய ஓரம் ஓரமா கொண்டுபோங்க, கசிஞ்சா புகை வெடுக்குனு ஆடும். அரை அடிங்கறது சுவருக்கு ரொம்பக் கிட்ட, ரெண்டடி முன்னாடி இழுத்துப் போட்டுக் கேளுங்க.

கோவைச்சத்தம்:

எல்லாம் பாத்துட்டேனுங்க. ரெண்டு கோனும் வெளியதான் வருது. ட்வீட்டர் தலைகீழாத்தான் இருக்கு, நேரா மாத்தினா குரல்ல நடுவுல பள்ளம் விழுது, அதனால திருப்பி வெச்சுட்டேன். கசிவு இல்ல. பலகை லேசா அதிருது, ஆனா பயப்படற மாதிரி இல்ல. ரெண்டடி இழுத்ததுல பேஸ் மொத்தமா கொஞ்சம் குறைஞ்சுது. அந்த ஒரு சுரம் மட்டும் அப்படியே நிக்குது.

ஒரு விஷயம், உதவுமான்னு தெரியல. எங்கப்பா கொஞ்சம் பாட்டு கத்துக்கிட்டவர். அவர் கேட்டுட்டு, "ஒரு கட்டை சுருதியில பாடறவர் மத்யமத்துல நின்னா மட்டும் இடிக்குதுடா, பஞ்சமம் சுத்தமா இருக்கு"ன்னார்.

சுருதிப்பெட்டி:

உங்க அப்பாவுக்கு என் வணக்கத்தச் சொல்லுங்க தம்பி, பாதி வேலைய முடிச்சுக் குடுத்துட்டார். நான் பாட்டு டீச்சர், ஸ்பீக்கர் பத்தி அவ்வளவா தெரியாது. ஆனா ஒரு கட்டைங்கறது ஆண் குரல்ல ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். சுத்த மத்யமம் அதை நாலால பெருக்கி மூணால வகுத்தா வர்றது, அதாவது 174 பக்கம். பஞ்சமம் 196. அப்ப உங்க பெட்டியில 174க்கு கிட்ட ஏதோ இருக்கு, 196க்கு வர்றதுக்குள்ள அது தீந்துடுது. ரொம்பக் குறுகலான இடம்.

பழைய வால்வு:

டீச்சர் சொன்ன எண்ணப் பாத்ததும் சிரிச்சுட்டேன். தம்பி, உங்க பெட்டியோட உள் உயரம் என்ன? 1000 மில்லியில ரெண்டு பலகை 36 போனா 964. காத்துல ஒலியோட வேகம் நொடிக்கு 345 மீட்டர்னு வெச்சுக்குங்க. அதை உயரத்தோட ரெண்டு மடங்கால, 1.928 ஆல வகுங்க. 179 வருது. உங்க அப்பா காது சொன்னது 174. பெட்டிக்குள்ள ஃபோம், சட்டம் எல்லாம் இருக்கறப்ப கணக்குக்கும் நிஜத்துக்கும் அஞ்சு ஹெர்ட்ஸ் தள்ளிப்போறது சகஜம்.

ஆனா அவசரப்பட வேண்டாம். உங்க ரூமும் அதே இடத்துல விளையாட வாய்ப்பு இருக்கு. 10 அடி சுவருக்கு மொதல் ஒத்ததிர்வு 57 பக்கம், அதோட மூணாவது 170. ரெண்டையும் பிரிச்சுப் பாக்காம பெட்டியில கைவைக்கக் கூடாது. ரெண்டு சோதனை சொல்றேன்.

ஒன்னு, ஒரு ஸ்பீக்கரத் தூக்கிட்டு மொட்டை மாடிக்குப் போங்க. அங்க சுவரும் இல்ல, கூரையும் இல்ல. அங்கயும் இடிச்சா ரூம் நிரபராதி.

ரெண்டு, போர்ட் வாயில பழைய பனியன இறுக்கி அடைச்சுட்டு அதே பாட்டக் கேளுங்க.

டெசிபல் பையன்:

ஐயா, ஃபோன்ல டோன் ஜெனரேட்டர் ஆப் இருக்கே. 160ல இருந்து 200 வரைக்கும் மெதுவா நகத்திப் பாத்தா இன்னும் துல்லியமா தெரியுமே. லேப்டாப்பும் மைக்கும் இருந்தா ரூம் ஈக்யூ விசார்ட்னு சத்தத்த அளக்கற சாஃப்ட்வேர் இலவசம்தான்.

கோவைச்சத்தம்:

ஒரு பெட்டி 20 கிலோவுக்கு மேல இருக்குமுங்க. மச்சானக் கூப்பிட்டு ரெண்டு மாடி ஏத்தினோம். பக்கத்து வீட்டுக்காரம்மா "என்ன தம்பி, விசேஷமா?"ன்னு கேட்டாங்க. 

மாடியில பேஸ் பாதியாயிடுச்சு. ஆனா மத்யமம் அதே மாதிரி இடிக்குது. டோன் போட்டுப் பாத்ததுல 175, 176ல உச்சம். பனியன அடைச்சா இடி முக்காவாசி போயிடுது. கூடவே அடி பேஸும் போயிடுது. அப்ப பைப் நீளம்தான் தப்பா? போர்ட் டியூனிங் 176ல உக்காந்துடுச்சா?

பழைய வால்வு:

இல்ல தம்பி. ஒரே வாய் வழியா ரெண்டு வேற வேற ஆசாமிங்க வெளிய வர்றாங்க. அதான் குழப்பம்.

மொதல் ஆசாமி போர்ட் டியூனிங். அது கடம் மாதிரி. உள்ள இருக்கற மொத்தக் காத்தும் ஸ்பிரிங், வாயில இருக்கற காத்து எடை. வித்வான் கடத்தோட வாய வயித்துல அழுத்தினா சத்தம் மாறுதில்ல, அதே சங்கதி. உங்க பெட்டிக்குக் கணக்குப் போட்டேன். உள் கொள்ளளவு 46.8 லிட்டர். வூஃபரும் சட்டமும் எடுத்துக்கிட்டது போக 44.5. பைப்போட நிஜ நீளம் 15 சென்டிமீட்டரா இருந்தாலும் ரெண்டு முனையிலயும் கொஞ்சம் காத்து சேந்து ஆடறதால 20னு கணக்குல வரும். விடை 36 ஹெர்ட்ஸ். ஆறரை இன்ச் வூஃபருக்கு நல்ல இடம். அதைத் தொடாதீங்க.

ரெண்டாவது ஆசாமிதான் உங்க எதிரி. உயரமான பெட்டிக்குள்ள மேலயும் கீழயும் முட்டி முட்டித் திரும்பற அலை. ஒரு நீளமான தாம்பாளத்துல தண்ணி ஊத்தி ரெண்டு கையால தூக்கிட்டு நடந்து பாருங்க. ரெண்டு ஓரத்துலயும் தண்ணி மாறி மாறி ஏறி இறங்கும். நடுவுல ஏத்த இறக்கமே இருக்காது. ஆனா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓட்டம் பூரா நடுவுலதான். உங்க பெட்டியிலயும் அதேதான். அழுத்தம் உச்சியிலயும் அடியிலயும் அதிகம், காத்தோட்டம் நடுவுல அதிகம்.

இப்ப உங்க போர்ட் எங்க இருக்கு? அடியில. அழுத்தம் உச்சமா இருக்கற மூலையில வாசல் வெச்சா அது வெளிய வராம என்ன செய்யும்? வூஃபர் மேல இருந்து கால் பங்குல இருக்கறதால இந்த அலைய நல்லாவே கிளப்பி விடுது. அதே கால் பங்குங்கறதாலதான் அடுத்த அலை, 358 ஹெர்ட்ஸ் காரன், எந்திரிக்காமப் படுத்திருக்கான். தெரிஞ்சோ தெரியாமலோ அது ஒரு நல்ல காரியம்.

சரி, ஒரு இன்ச் ஃபோம் ஏன் உதவல? பஞ்சு வேலை செய்யணும்னா அதுக்குள்ள காத்து ஓடணும். பலகைய ஒட்டி காத்து ஓடாது, அங்க அது நின்னுடும். 176 ஹெர்ட்ஸ் அலையோட முழு நீளம் கிட்டத்தட்ட ரெண்டு மீட்டர். அதுக்கு சுவர்ல ஒட்டின ஒரு இன்ச் ஒரு பொருட்டே இல்ல. பஞ்ச நடு உயரத்துல வைங்க. தலையணைக்கு அடைக்கற பாலியஸ்டர் பஞ்சு போதும், நல்லா பிச்சு உதறினது.

மரத்தூள்:

வெக்கறதுக்கு முன்னாடி ஒருதரம் அளந்து வெச்சுக்குங்க, அப்பத்தான் பின்னாடி ஒப்பிட முடியும். ஆம்ப்புக்கும் வூஃபருக்கும் நடுவுல 100 ஓம் ரெசிஸ்டர், வூஃபர் முனையில மல்டிமீட்டர் ஏசியில. ஆம்ப் முனையில டோன் 5 வோல்ட் இருக்கற மாதிரி வால்யூம வெச்சுட்டு ஒவ்வொரு ஹெர்ட்ஸா எழுதுங்க. அந்தந்த ஹெர்ட்ஸ்ல வூஃபர் எவ்வளவு தடுக்குதுன்னு அது காட்டும்: போர்ட் டியூனிங் இருக்கற இடத்துல பள்ளம், பெட்டிக்குள்ள அலை முட்டற இடத்துல சின்ன மேடு. 200 ரூபா மஞ்ச மீட்டர் ஆகாது, அதுல ஏசிக்கு 200 வோல்ட் ரேஞ்ச்தான் சின்னது. 2 வோல்ட் ரேஞ்ச் இருக்கணும். சாதா மீட்டருங்க 400 ஹெர்ட்ஸ் தாண்டினா பொய் சொல்லும், ஆனா இந்த வேலைக்கு அது போதும்.

கோவைச்சத்தம்:

அலுவலகத்துல எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட மீட்டர் கடன் வாங்கினேன். 21 ஹெர்ட்ஸ்ல 1 வோல்ட் தொட்டுது, 36ல 0.30க்கு பள்ளமா இறங்குது, 63ல திரும்ப 1.2. பழைய வால்வு ஐயா, உங்க 36 அச்சு அசலா வந்துருச்சு! 170ல 0.336, 176ல 0.37, 184ல திரும்ப 0.34. சின்ன மேடுதான், ஆனா இருக்கு.

அடுத்து நான் பண்ணின முட்டாள்தனத்தையும் சொல்லிடறேன். பஞ்சுன்னு சொன்னீங்கல்ல, ஆசையில ஒவ்வொரு பெட்டிக்கும் 600 கிராம் திணிச்சுட்டேன். வூஃபர் ஓட்டை வழியா கைய விட்டு, போர்ட் வாய் வரைக்கும். இடி போச்சு, தவிலும் போச்சு. சவத்த மாதிரி சத்தம்.

பழைய வால்வு:

போர்ட்டோட உள்வாயில பஞ்சு அடைச்சா அது பனியன் அடைச்ச கதைதான் தம்பி. பொங்கல் பானைக்குள்ளயே வைக்கோல வெச்ச மாதிரி ஆயிடும். எடுங்க எல்லாத்தையும். நடுச் சட்டத்துக்கு மேல அரை அடி, கீழ அரை அடி, அவ்வளவுதான் இடம். 200 கிராம் போதும். வூஃபருக்குப் பின்னாடியும் போர்ட்டச் சுத்தியும் வெறுமையா இருக்கணும். சரிஞ்சு கீழ விழாம பாத்துக்குங்க, டவர்ல அது பெரிய தொல்லை.

சுருதிப்பெட்டி:

கொசுவலைத் துணியில மூட்டை கட்டிச் சட்டத்துல தொங்க விடலாமே? காத்தும் போகும்.

டெசிபல் பையன்:

டீச்சர் மாஸ் 🙏

கோவைச்சத்தம்:

கிழிஞ்ச கொசுவலை வீட்டுல இருந்துச்சுங்க. பெட்டிக்கு 200 கிராம் கட்டி சட்டத்துல இறுக்கிட்டேன். மீட்டர்ல 170ல இருந்து 184 வரைக்கும் இப்ப சமமா ஏறுது, மேடு எங்கன்னு தேட வேண்டியிருக்கு. பள்ளம் 36ல இருந்து 35க்கு நகந்திருக்கு, அவ்வளவுதான். தவில் திரும்ப வந்துருச்சு.

அப்பா நேத்து சாயங்காலம் ரெண்டு மணி நேரம் கேட்டார். மத்யமம் வர்ற இடத்துல மட்டும் ரெண்டு மூணு தடவ திருப்பிப் போடச் சொன்னார். "இப்ப அது தனியா எந்திரிக்கல, வரிசையில நிக்குது"ன்னார். பாராட்டா என்னன்னு தெரியல. எழுந்து போகாம உக்காந்திருந்தார்.

இன்னொரு சந்தேகம். அடுத்த ஜோடி மச்சானுக்குச் செய்யணும், மாடி ஏத்தினதுக்குக் கூலியாம். அதுல போர்ட்ட எங்க வெக்கலாம்?

பழைய வால்வு:

நடு உயரத்துல வைங்க, தரையில இருந்து சரியா அரை மீட்டர். அங்க இந்த அலைக்கு அழுத்தமே இல்ல, அதனால வாசல் திறந்திருந்தாலும் வெளிய வர ஆள் இல்ல. ரெண்டாவது அலைக்கு அங்க அழுத்தம் உச்சம்தான், ஆனா வூஃபர அதே கால் பங்குல வெச்சா அவன் எந்திரிக்க மாட்டான். பஞ்சு மட்டும் அப்ப போர்ட்டுக்குப் பக்கத்துல வந்துடும், வாய விட்டு ரெண்டு பக்கமும் தள்ளி வைக்கணும். பின்பக்கம் வெச்சா சுவருக்கு இடம் விடணும், மச்சான் வீட்டு ரூமப் பாத்து முடிவு பண்ணுங்க.

மரத்தூள்:

சட்டத்தையும் நட்டநடுவுல வெக்காம கொஞ்சம் மேல கீழ தள்ளி வைங்க. நடுவுல வெச்சா பலகை ரெண்டு சமமான துண்டா அதிரும், ரெண்டும் ஒரே சுரத்துல பாடும்.

கோவைச்சத்தம்:

நன்றிங்க எல்லாருக்கும். ஒன்னே ஒன்னு மிச்சம். இப்ப 60 ஹெர்ட்ஸ் பக்கம் வலது ஸ்பீக்கர்ல ஒரு கரகரப்பு. வூஃபர் வாய்ஸ் காயில் உரசுதோன்னு பயந்து நேத்து ராத்திரி கழட்டிப் பாத்தேன், ஒன்னுமில்ல.

மரத்தூள்:

ஸ்பீக்கர் பக்கத்துல என்ன இருக்கு?

கோவைச்சத்தம்:

பீரோ. மேல எவர்சில்வர் குடம்.

ஓ.