புதுப்பிப்பு: அம்மாப்பேட்டை வீட்டுப் பரணை ஒழித்த விவரம்

சேலம் அம்மாப்பேட்டையிலுள்ள எங்கள் வீட்டுப் பரணில் அடைந்து கிடக்கும் சாமான்களை எங்கிருந்து ஒழிக்கத் தொடங்குவது என்று முன்பு கேட்டிருந்தேன். பாத்திரங்களிலிருந்து தொடங்குமாறு பலரும் சொன்னபடியே செய்தோம். ஓட்டை விழுந்த பித்தளை அண்டாக்களையும் ஈயப்பூச்சு போன தவலைகளையும் செவ்வாய்ப்பேட்டையில் எடைக்குப் போட்டதிலேயே பரணில் பாதி காலியாயிற்று.

துணிகள்தாம் நேரத்தை விழுங்கின. பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் தங்கிச் சரிகை கறுத்திருந்த தாத்தாவின் வெண்பட்டு வேட்டியை நிழலில் காற்றாட விட்டு, பழைய மடிப்பை மாற்றி, கஞ்சி போடாத பருத்தித் துணியில் சுற்றி, அந்துருண்டை சரிகையில் படாதவாறு பீரோவில் வைத்திருக்கிறோம். புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்ற யோசனையை மட்டும் நான் ஏற்கவில்லை.

வீட்டுப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் தனிக் கோப்புக்குப் போய்விட்டன. காலி அட்டைப்பெட்டிகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை.