பொருளாதாரம் படிக்கக் கணக்கு வேண்டாமா? எலினார் ஆஸ்ட்ரத்தை ஏன் இழுக்கிறீர்கள்?

கோத்தகிரிக்காரன்:
நேற்று ஒரு கல்யாண வீட்டில், பி.ஏ. பொருளாதாரம் சேரப்போகும் பெண்ணிடம் ஓர் ஆசிரியர் சொன்னார்: "கணக்குப் பக்கமே போகாதே. அமெரிக்காவின் எலினார் ஆஸ்ட்ரம் கணக்குத் தெரியாமலேயே பொருளாதார நோபல் வாங்கினார்." எனக்கு இன்னும் ஆறவில்லை. எனக்கும் இப்படித்தான் சொன்னார்கள். நம்பி, சுலபமான அலைடு பேப்பராக (துணைப்பாடமாக)ப் பார்த்து எடுத்தேன். எம்.ஏ. போன முதல் மாதமே, கட்டுப்பாட்டுக்குள் எது அதிகபட்சம் என்று கண்டுபிடிக்கும் லக்ராஞ்சியன் கணக்கு வந்து நின்றது. இரண்டு அரியர். முதல் வருடமே கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா, புள்ளியியல் படிக்க வேண்டும், பிறகு பொருளாதாரத் தரவைப் புள்ளியியலால் ஆராயும் எக்கனாமெட்ரிக்ஸ். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

பூம்பாறை:
அவர் சொன்னதில் என்ன தப்பு? ஆஸ்ட்ரம் பள்ளியில் டிரிகோணமெட்ரி (முக்கோணவியல்) படிக்கவில்லை. அதனால் பொருளாதாரத்தில் பி.எச்டி. சேர இடம் கிடைக்கவில்லை. அரசியல் அறிவியலில் 1965இல் முனைவர் ஆனார். 2009இல் பொருளாதார நோபல் வாங்கிய முதல் பெண். சுவிட்சர்லாந்து மலைக்கிராமத்து மேய்ச்சல் நிலத்தை ஊரே எப்படிக் காப்பாற்றியது என்று எழுதியவர். நம் மலைப் பிள்ளைகளுக்கு அந்தக் கண் வேண்டும். பொருளாதார வரலாறு, வேளாண் பொருளாதாரம், சுற்றுச்சூழல் பொருளாதாரம், இவற்றை எடுக்கட்டும்.

கோத்தகிரிக்காரன்:
இடம் கிடைக்கவில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அண்ணா. கணக்கு இல்லாததால்தானே கதவை மூடினார்கள்? அவரும் அப்படியே விட்டுவிடவில்லை. பின்னாளில் ஜெர்மனியின் பீலஃபெல்டுக்குப் போய் பொருளாதார அறிஞர் ரெய்ன்ஹார்ட் செல்ட்டனிடம் கேம் தியரி கற்றார். ஒருவர் முடிவு மற்றவர் முடிவைப் பொறுத்திருப்பதைக் கணக்கால் ஆராய்வது அது.

பூம்பாறை:
கதவை மூடினார்கள், சரி. நோபல் வந்ததா, இல்லையா?

குன்னூர் அக்கா:
தம்பிகளா, ஒரு நிமிடம். மத்திய அரசின் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்கு முதுகலை வேண்டும். பொதுப் பொருளாதாரம் முதல் தாளிலேயே கணித முறைகளும் எக்கனாமெட்ரிக்ஸும் இருக்கின்றன. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதார ஆனர்ஸ் சேரவே பிளஸ் டூ கணிதம் கேட்கிறார்கள். என் தங்கை மகள் பிளஸ் டூவில் வணிகக் கணிதம்கூட இல்லாத குரூப். அவளுக்கு அலைடு பேப்பராகப் புள்ளியியல் மட்டும் போதுமா?

ஊட்டி மூன்றாம் ஆண்டு:
நான் அலைடாகக் கணிதம்தான் எடுத்தேன். ஒரு செமஸ்டர் முழுக்க வகுப்பு எடுக்க ஆள் வரவில்லை. கைடு வாங்கி மனப்பாடம் செய்து பாஸானேன். இதற்கு வரலாறே எடுத்திருக்கலாம்.

கோத்தகிரிக்காரன்:
ஆள் வராதது கல்லூரியின் தப்பு, கணக்கின் தப்பு இல்லை, தம்பி. மனப்பாடம் செய்ததைக் கணக்குப் படித்ததாகச் சொல்லாதே. விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்று சொல்லும் விலை நெகிழ்ச்சியே வகையீட்டில்தான் (கால்குலஸில்) நிற்கிறது, அது புரியாமல் எந்தச் சந்தையைப் பற்றிப் பேசுவாய்?

பூம்பாறை:
சந்தையைப் பற்றி நீலகிரிக்காரர் எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். தேயிலை ஏலம் உங்கள் குன்னூரிலேயே நடக்கிறது. பச்சை இலைக்கு விலை கேட்டு இன்னும் போராடுகிறீர்கள். எந்தக் கால்குலஸ் உதவியது? எங்கள் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடே வந்துவிட்டது.

கோத்தகிரிக்காரன்:
குறியீடு வந்த பிறகும் தேனி மாவட்டத்து வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில் விலை சொல்வது வியாபாரிதானே? போன போகத்து விலையைப் பார்த்து எல்லோரும் பூண்டு நடுகிறீர்கள், வரத்து கூடி விலை விழுகிறது. அதற்குப் பொருளாதாரத்தில் சிலந்திவலைக் கோட்பாடு என்று பெயர். அந்த விலை ஏற்ற இறக்கம் அடங்குமா, பெருகுமா என்று சமன்பாடு போட்டால்தான் தெரியும். ஏல விலைக்கும் பச்சை இலை விலைக்கும் என்ன தொடர்பு என்று ரிக்ரஷன் (தொடர்பை அளக்கும் புள்ளியியல் முறை) போட்டுக் காட்டத் தெரிந்த பத்துப் பேர் எங்கள் ஊரில் இருந்திருந்தால், மனு கொடுக்கப் போகும்போது கையில் ஏதாவது இருந்திருக்கும். அந்த ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன்.

பூம்பாறை:
பூண்டு விலை ஏன் விழுகிறது என்று என் அப்பா பென்சிலைத் தொடாமல் சொல்வார். பேச்சை மாற்றாதீர்கள். ஆஸ்ட்ரம் டிரிகோணமெட்ரி படித்தாரா?

கோத்தகிரிக்காரன்:
கேம் தியரி கற்றார்.

பூம்பாறை:
டிரிகோணமெட்ரி?

குன்னூர் அக்கா:
நாளைக்குச் சேர்க்கைக்குப் போகிறோம். புள்ளியியல் மட்டும் போதுமா என்று கேட்டேன்.

பூம்பாறை:
போதும், அக்கா.

கோத்தகிரிக்காரன்:
போதாது, அக்கா. கணிதத்தையும் எடுக்கச் சொல்லுங்கள், முதல் செமஸ்டர் கஷ்டமாகத்தான் இருக்கும். பூம்பாறை அண்ணா, 1965இலேயே நிற்காதீர்கள். செல்ட்டனிடம் ஏன் போனார் என்பதற்குப் பதில் சொல்லுங்கள்.

பூம்பாறை:
நீங்கள் முதலில் டிரிகோணமெட்ரிக்குப் பதில் சொல்லுங்கள்.