மறுமொழி: இன்அட்டென்ஷனல் பிளைண்ட்னஸ் – ‘பதியாப் பார்வை’ சரிவருமா?

வணக்கம். கவனம் வேறொன்றின் மேல் இருப்பதால் கண்ணெதிரே இருப்பதே தெரியாமல் போவதைத்தான் இன்அட்டென்ஷனல் பிளைண்ட்னஸ் என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘பதியாப் பார்வை’ என்று நான் சொன்னதற்கு வந்த மாற்றுச் சொற்களுக்கு என் பதில் இது.

> ‘கவனக்குருடு’ என்றே வைத்துவிடலாமே, சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான் ஐயா, ஆனால் குருடு என்பதை இன்றைக்குப் பாடநூலில் எழுத யாரும் துணிய மாட்டார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், கேட்பவர் உடனே கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்வார், எஃப்.ஐ.ஆரில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து’ என்று வழக்கமாக ஒரு வரி வருமே, அதற்குள் இதுவும் போய் விழுந்துவிடும். இங்கே கவனம் இருக்கிறது, வேறொன்றின் மேல் இருக்கிறது. 1999-இல் உளவியலாளர்கள் சைமன்ஸும் சாப்ரிஸும் வெளியிட்ட சோதனையில், பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு, நடுவே கொரில்லா வேஷத்தில் ஒருவர் நடந்து போனதே தெரியவில்லை. அசட்டையாக இருந்தவர்கள் அல்ல, சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்தவர்கள்.

நானும் ஒரு முறை கொரில்லாவாக இருந்திருக்கிறேன். கடலூர் முதுநகரில் மீன் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் புதுச்சேரி போகும்போது, கன்னியக்கோயில் தாண்டி இடப்பக்கச் சந்திலிருந்து ஒரு கார் மூக்கை நீட்டியது. ஓட்டியவர் நேராக என்னைப் பார்த்தார், பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, சங்கரா மீன் ரோடெல்லாம். ‘சத்தியமா உங்களைப் பார்க்கலைங்க’ என்று கை நடுங்கச் சொன்னவரை அன்றைக்குத் திட்டித் தீர்த்தேன். இப்போது யோசித்தால், அந்த ரோட்டில் ஏறுகிற எவரும் முதலில் தேடுவது பஸ்ஸைத்தான். பஸ் வரவில்லை என்றதும் ரோடு காலி என்று அவர் மனம் முடிவுகட்டிவிட்டது, நடுவில் வந்த ஸ்கூட்டர் கணக்கிலேயே வரவில்லை. (பிரிட்டனில் பைக் ஓட்டுபவர்கள் இதே சமாதானத்தின் (‘சாரி மேட், ஐ டிட்ன்ட் சீ யூ’) ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஸ்மிட்சி’ என்று பேரே வைத்திருக்கிறார்கள்.)

> ‘கண்டும் காணாமை’?

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்டும் காணாமல் போனான் என்றால் வேண்டுமென்றே போனான் என்றுதான் பொருள். பாராமுகமும் அப்படியே. பராக்கு என்றால் வேடிக்கை பார்ப்பது, அதுவும் இல்லை.

அதனால்தான் ‘பதியாப் பார்வை’. பொய்யாமொழி, வாடாமல்லி மாதிரி வாய்க்குப் பழகிய அமைப்பு. உளவியலாளர் ஸ்ட்ரேயர் குழுவினரின் 2003 ஆய்வுக்கும் பொருந்துகிறது: ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசியபடி சிமுலேட்டரில் ஓட்டியவர்களின் கண், வழியில் இருந்த விளம்பரப் பலகைமேல் நின்றிருந்தும், பிறகு காட்டியபோது பேசாமல் ஓட்டியவர்கள் அளவுக்கு அவர்களால் அதை அடையாளம் சொல்ல முடியவில்லை. பதிதல் என்றால் நினைவில் பதிவதுதானே, காண்பதற்கே வராத ஒன்றுக்கு எப்படிப் பொருந்தும் என்று உளவியல் படித்தவர்கள் சண்டைக்கு வரலாம், நியாயமான சண்டைதான். ஆனாலும் எல்.எல்.ஆர். எடுக்க வந்த பையனிடம் ‘சந்திலிருந்து ஏறும்போது பதியாப் பார்வை வரும்ப்பா, பைக் வருதான்னு தனியா ஒரு தரம் தேடு’ என்று சொன்னால் அவனுக்கு உடனே புரியும்.

வேறு சொல் இருந்தால் தாருங்கள், ‘நிகழ்வு’ என்று முடிகிற எதுவும் வேண்டாம்.