புதிய ஸ்லாட் கார் திக்கித் திக்கி ஓடுகிறது, உதவி தேவை

சத்துவாச்சாரி மாடிவீடு:
வணக்கம். மாடியறையில் பிள்ளைகளுக்காக ஸ்லாட் கார் (டிராக்கின் பள்ளத்தைப் பிடித்து மின்சாரத்தில் ஓடும் பொம்மைக் கார்) டிராக் போட்டிருக்கிறேன். அதில் பழைய கார் நன்றாகவே ஓடுகிறது. புதிதாக வந்த காரோ நேர்ப்பாதையிலேயே திக்கித் திக்கி நிற்கிறது. வளைவில் கொஞ்சம் வேகம் கொடுத்தால் பின்பக்கம் சுழன்று வெளியே விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் பிள்ளைகள் குடியாத்தத்திலிருந்து வருகிறார்கள், அதற்குள் சரியாக வேண்டும். இதையே திருத்தலாமா, அல்லது வேறு இரண்டு கார்கள் வாங்கிவிடலாமா? வாங்குவதென்றால் எது நல்லது?

காட்பாடி ரயிலடி:
எந்த நிறுவனத்தின் டிராக், 1:32 அளவா (நிஜக் காரில் 32இல் ஒரு பங்கு) 1:43 அளவா, அனலாகா (ஒரு பாதையில் ஒரே கார்) டிஜிட்டலா (ஒரே பாதையில் பல கார்கள்), அடாப்டர் எத்தனை வோல்ட், புதிய காரின் அடியில் காந்தம் இருக்கிறதா என்று எதையுமே நீங்கள் சொல்லவில்லை. இவை தெரியாமல் யார் பதில் சொன்னாலும் அது குருட்டாம்போக்காகத்தான் இருக்கும்.

பாலாற்று மணல்:
எனக்கு விவரமே தேவையில்லை, இது தூசிதான். கோடையில் நம் ஊரில் சன்னலை அரைநாள் திறந்து வைத்தாலே டிராக்கின் மேல் விரலால் பெயர் எழுதலாம். தண்டவாளக் கம்பிகளைத் துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். துரு தெரிந்தால் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் மெதுவாகத் தேய்க்கலாம். பின் டயர் சிலிக்கானாக இருந்தால் ஒட்டுநாடாவின் பசைப்பக்கத்தில் உருட்டி எடுங்கள், ஒட்டியிருக்கும் தூசி எல்லாம் வந்துவிடும்.

ஆரணிப் பட்டறை:
மின்சாரம் போனபோது இன்வெர்ட்டரில் ஓட்டினீர்களா? மலிவான இன்வெர்ட்டர் சுத்தமான அலையைத் தருவதில்லை. என் கணிப்பில் கோளாறு அங்கேதான் இருக்கிறது.

காட்பாடி ரயிலடி:
அதே டிராக்கில், அதே மின்சாரத்தில் பழைய கார் நன்றாக ஓடுகிறது என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறாரே ஐயா. இன்வெர்ட்டர் இரண்டு கார்களையும் அல்லவா படுத்த வேண்டும்?

வாலாஜா வாத்தியார்:
இதே கேள்விக்கு நான் எத்தனையோ முறை விளக்கம் எழுதிவிட்டேன், தேடிப் படிக்கும் பொறுமைதான் இக்காலத்தவருக்கு இல்லை. தம்பி, முதலில் அடிப்படையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபிரெட் ஃபிரான்சிஸ் 1957இல் இங்கிலாந்தின் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற ஸ்லாட் கார் செட்டைக் காட்டியபோது கார்களின் அடியில் பிடிமானக் காந்தம் என்ற ஒன்றே கிடையாது. ஓட்டுபவனின் விரல்தான் காரைத் தடத்தில் நிறுத்தியது. வளைவில் விழுகிறது என்றால் ஓட்டத் தெரியவில்லை என்று பொருள்.

சத்துவாச்சாரி மாடிவீடு:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். டிராக் ஸ்கேலெக்ஸ்ட்ரிக், 1:32, அனலாக். புதிய கார் உண்மையில் புதியதன்று. பெங்களூருவில் மரத் தடத்தில் ஓட்டிக்கொண்டிருந்த நண்பர் கொடுத்தது. அடியில் காந்தம் இல்லை. மின்சாரம் இணைத்திருக்கும் இடத்திற்கு நேரெதிர்ப் பக்கத்தில் இரண்டு கார்களுமே சற்றுச் சோர்கின்றன. அது இயல்பு என்று விட்டுவிட்டேன்.

ராணிப்பேட்டை சாலிடர்:
இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் நண்பரே. உங்களிடம் இருப்பவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

முதலாவது கைடு, அதாவது காரின் மூக்கடியில் பள்ளத்துக்குள் இறங்கி வழிநடத்தும் பாகம். மரத் தடத்தின் பள்ளம் ஆழமாக வெட்டப்படுவதால் அதற்கான கார்களில் கைடின் அலகும் நீளமாக இருக்கும். ஸ்கேலெக்ஸ்ட்ரிக் பள்ளத்தில் அந்த அலகு அடியில் முட்டி, காரின் மூக்கைத் தூக்கிவிடும். பிரெய்டு (கைடின் இருபுறமும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் உலோகப் பின்னல்) கம்பியில் படியாமல் மேலே தொங்குவதால் மின்சாரம் விட்டுவிட்டு வருகிறது. சோதிப்பது எளிது. அலகின் அடிவிளிம்பில் மார்க்கர் பேனாவால் கறுப்பாகத் தீட்டி, காரை ஒரு சுற்று தள்ளிவிட்டு, திருப்பிப் பாருங்கள். மை தேய்ந்து போயிருந்தால் அலகு முட்டுகிறது என்று அர்த்தம். சிறிய அரத்தால் அரை மில்லிமீட்டர் தேய்த்து மீண்டும் மை தீட்டிப் பார்க்க வேண்டும். ஒரேயடியாகத் தேய்த்துவிட்டால் கார் பள்ளத்தை விட்டு எளிதில் எழும்பிவிடும். பிறகு பிரெய்டின் நுனிகளைச் சற்றே விரித்து, இரண்டும் தட்டையாகக் கம்பியில் படியுமாறு வளைத்துவிடுங்கள். கருகிப் போயிருந்தால் மாற்றுவதே நல்லது.

இரண்டாவது, எதிர்ப்பக்கச் சோர்வு. டிராக் துண்டுகள் சேரும் ஒவ்வொரு இணைப்பிலும் வோல்ட்டேஜ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மல்டிமீட்டரை வெறும் கம்பியில் வைத்தால் எல்லா இடத்திலும் ஒரே அளவைக் காட்டி ஏமாற்றும். கார் ஓடி மின்சாரம் இழுக்கும்போதுதான் இறக்கம் தெரியும். ஆகவே எதிர்ப்பக்கத்தில் காரைக் கையால் பிடித்து, பின் சக்கரம் டிராக்கில் உரசிச் சுழலும்படி வைத்துக்கொண்டு அளந்து பாருங்கள். இறங்கினால் பவர் பேஸிலிருந்து (மின்சாரம் இணைக்கும் டிராக் துண்டு) அந்தப் பக்கத்துக் கம்பிகளுக்கு அடிவழியாகத் தனி வயர் இழுத்துவிடலாம். எந்த வயர் எந்தக் கம்பிக்கு என்று நிறம் பார்த்து இணையுங்கள். ஒரே பாதையின் இரண்டு கம்பிகளும் மாறிப் போனால் ஷார்ட் ஆகிவிடும்.

பாலாற்று மணல்:
கைடு சரியானாலும் வளைவில் விழுவது நிற்காது. ஒரு நியோடைமியம் காந்தத்தைப் பின் அச்சுக்கு முன்னால் ஒட்டினால் வேலை முடிந்தது. ஸ்கேலெக்ஸ்ட்ரிக் கம்பி இரும்பு, பிடித்துக்கொள்ளும்.

வாலாஜா வாத்தியார்:
காந்தம் ஒட்டி ஓட்டுவதற்குப் பெயர் பந்தயம் அன்று, பசை வைத்து ஓட்டுவது. விசையை முழுவதும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க ஒரு விளையாட்டா?

பாலாற்று மணல்:
எட்டு வயதுப் பிள்ளை ஒவ்வொரு வளைவிலும் எழுந்து போய்க் காரைப் பொறுக்கி வந்தால் பத்து நிமிடத்தில் கைப்பேசியைத் தேடிப் போய்விடும் ஐயா. உங்கள் வீட்டில் மரத் தடமும் தாமிர நாடாவும் இருப்பதால் காந்தம் ஒட்டினாலும் உங்களுக்குப் பயன்படாது. அந்தக் கோபத்தை எங்கள்மேல் காட்ட வேண்டாம்.

வாலாஜா வாத்தியார்:
மரத் தடத்தில் ஒரு முறை ஓட்டிவிட்டு வந்து பேசுங்கள்.

காட்பாடி ரயிலடி:
இருவரும் பொறுங்கள். காந்தம் இல்லாமல் ஓட்ட விரும்பினால் செய்ய வேண்டியவை வேறு. வோல்ட்டேஜைச் சுமார் 10க்குக் குறைத்தால் கார் கைக்கு அடங்கும். அளவைக் கூட்டிக் குறைக்கும் பவர் சப்ளை சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கிறது. மேற்கூட்டின் திருகுகளை அரைச் சுற்று தளர்த்தி, கூடு லேசாக ஆடும்படி விட்டால் வளைவில் அதிர்வு குறையும். டயர் ரப்பராக இருந்தால் டிராக்கின்மேல் உப்புத்தாளை ஒட்டி, குறைந்த வேகத்தில் பின் சக்கரத்தை அதன்மேல் சுழலவிட்டு வட்டத்தைச் சீராக்குங்கள். அதன் பிறகும் பின்பக்கம் வீசினால் கைடுக்கும் பின் அச்சுக்கும் நடுவே சிறிது ஈயம் ஒட்டுங்கள்.

புதிதாக வாங்குவதென்றால், ஒரே நிறுவனத்தின், ஒரே மோட்டார் உள்ள இரண்டு ஜிடி கார்களாக (கூரை மூடிய பந்தயக் கார் வகை) வாங்குங்கள். ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கின் சாதாரண மோட்டார் 12 வோல்ட்டில் நிமிடத்திற்கு 18,000 சுற்று. பிள்ளைகளுக்கு அது தாராளம். ஒன்றில் காந்தமும் மற்றொன்றில் இல்லாமலும் இருந்தால் தோற்ற பிள்ளையைச் சமாதானம் செய்வதிலேயே உங்கள் ஞாயிறு போய்விடும். ஃபார்முலா கார் அழகுதான், ஆனால் முன்சிறகு முதல் மோதலிலேயே உடையும்.

ஆரணிப் பட்டறை:
எதற்கும் இன்வெர்ட்டரையும் ஒரு முறை பாருங்கள்.

சத்துவாச்சாரி மாடிவீடு:
மை தேய்ந்துதான் இருந்தது. கைடை அரத்தால் தேய்த்துவிட்டேன், இப்போது திக்கவில்லை. இரண்டு காரிலும் காந்தம் வைத்தாயிற்று, வாத்தியார் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். அனைவருக்கும் நன்றி.

ராணிப்பேட்டை சாலிடர்:
மகிழ்ச்சி. எதிர்ப்பக்கத்தில் கார் ஓடும்போது எத்தனை வோல்ட் காட்டியது என்று எழுதுங்கள், எத்தனை இடத்தில் வயர் இழுக்க வேண்டும் என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

வாலாஜா வாத்தியார்:
அளந்திருக்க மாட்டார்.